மைலோவும் மாய டோல்கேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்ட்டன் ஜஸ்டர் எழுதி, ஜூல்ஸ் ஃபைஃபர் படம் வரைந்து, 1961-ல் அமெரிக்காவில் வெளிவந்த சிறுவர் நாவல் 'தி ஃபாண்டம் டோல்பூத்'. அதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். கதையின் முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் 4, 12, 13-ம் கேள்விகளைத் தாண்டிப் போகலாம்.

1. கதை என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

மைலோ எதிலும் மனம் ஒட்டாத பையன். அறை நிறைய விளையாட்டுச் சாமான்களும் புத்தகங்களும் கிடக்கும். எதையும் தொடத் தோன்றாது. ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் அறையில் பெரிய பார்சல் ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு நெடுஞ்சாலை டோல்கேட், பாகம் பாகமாக. கூடவே எச்சரிக்கைப் பலகைகள், கட்டணத்துக்குச் சில்லறை, ஒரு வரைபடம், ஒரு விதிமுறைப் புத்தகம். வேறு வேலை இல்லாததால் மைலோ அதை மாட்டி நிமிர்த்துகிறான், காசு போடுகிறான், தன் சின்ன மின்சாரக் காரில் அதைக் கடக்கிறான்.

அந்தப் பக்கம் ஒரு நாடு. அதை ஆளும் அண்ணன் தம்பி இருவருக்குள் சண்டை. எழுத்துதான் உசத்தி என்பவர் அசாஸ் ராஜா. எண்தான் உசத்தி என்பவர் கணக்கு மந்திரவாதி. இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொன்ன ரைம், ரீசன் என்ற இளவரசிகளை இருவரும் சேர்ந்து ஆகாயக் கோட்டைக்கு நாடு கடத்திவிட்டார்கள். அன்றிலிருந்து நாட்டில் எல்லாமே ஏனோதானோ. இளவரசிகளை மீட்டுவர மைலோ கிளம்புகிறான். கூட வருபவர்கள் இருவர்: உடம்பே கடிகாரமாக இருக்கும் டாக் என்ற நாய், வாய்ச்சவடால் மட்டுமே தெரிந்த ஹம்பக் என்ற பூச்சி.

2. எத்தனை வயசுக் குழந்தைக்குக் கொடுக்கலாம்?

பெரியவர் வாசித்துக் காட்டினால் 8 வயதிலிருந்து. தானாக ஆங்கிலத்தில் படிக்க, பள்ளியில் எது பயிற்றுமொழியாக இருந்தாலும், 10 அல்லது 11 ஆகட்டும். வாக்கியங்கள் கடினமில்லை. மரபுத்தொடர்கள்தான் கடினம், அவைதான் கதையே (7-ம் கேள்வியைப் பாருங்கள்). 13 வயதுக்கு மேல் முதல்முறை படிப்பவர்கள் "சின்னப் பசங்க புக்" என்று வைத்துவிடுவதும் உண்டு. அவர்கள் 20 வயதுக்கு மேல் திரும்ப எடுத்தால் ரசிப்பார்கள்.

3. மந்திரவாதி, சண்டை, பறக்கும் குதிரை எதுவும் இல்லையாமே? பசங்களுக்கு போர் அடிக்காதா?

மந்திரவாதி இருக்கிறார், அவருடைய மந்திரக்கோல் ஒரு பென்சில். பேய்களும் உண்டு; 17 முதல் 19 வரையுள்ள அத்தியாயங்கள் ஓட்டமும் துரத்தலும்தான். ஆனால் இந்த நாவலின் மாயம் வேறு வகை. நாம் பேச்சுவாக்கில் சொல்வதெல்லாம் அங்கே நிஜமாகவே நடக்கும். யோசிக்காமல் முடிவுக்குத் தாவினால் 'முடிவுகள்' என்ற தீவில் போய் விழுவீர்கள்; திரும்பி வர அறிவுக் கடலை நீந்தியே கடக்க வேண்டும். அந்தக் கடலில் நாள் முழுக்க நீந்தியும் துளி ஈரம் படாமல் கரையேறுகிறவர்களும் உண்டு. விருந்தில் பேசிய சொற்களைத்தான் சாப்பிட வேண்டும். லேசான சாப்பாடு போதும் என்று மைலோ ஆங்கிலத்தில் கேட்டால் தட்டில் வெளிச்சம் வந்து விழுகிறது, அங்கே இரண்டுக்கும் 'லைட்' என்ற ஒரே சொல் என்பதால்.

ஒரு வார்த்தையில் சொன்னால் கடி. கடி ஜோக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும் குழந்தைக்குப் போர் அடிக்கவே அடிக்காது. முகத்தைச் சுளிக்கும் குழந்தைக்கு முதல் நூறு பக்கம் சோதனைதான்.

4. அன்றாட வாழ்க்கையை ரசிக்கக் கத்துக்கொடுக்குற புத்தகம்னு சொல்றாங்க. கதை முழுக்க வேற உலகத்துல நடக்குதே, எப்படி?

அந்த வேற உலகத்தில் இருக்கிறதெல்லாம் என்ன என்று பாருங்கள். எழுத்து, எண், நிறம், சத்தம், நேரம். எல்லாம் மைலோவின் வீட்டிலும் இருப்பவைதான். அவற்றைப் பார்க்காத, கேட்காத ஒருவனுக்கு அவை ஒவ்வொன்றும் தனி ஊராக விரிகின்றன. சந்தையில் எழுத்துகளைத் தின்றுபார்க்கலாம். 'ஏ' இனிக்கும், 'எக்ஸ்' வெகுநாள் பூட்டிக்கிடந்த பெட்டிக்குள் இருக்கும் காற்றைப் போலிருக்கும். குரோமா என்பவர் நடத்தும் வாத்தியக் குழு இசையை வாசிப்பதில்லை, நிறத்தை வாசிக்கிறது. அவர்கள் வாசித்தால்தான் பொழுது விடியும், சாயும். மைலோ ஒரு விடியலைத் தானே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டுக் கை அசைக்கப்போக, நிறங்கள் தாறுமாறாகி, சில நிமிடங்களுக்குள் ஒரு வாரம் ஓடிவிடுகிறது. இதைப் படித்த குழந்தை ஒருமுறையாவது விடியற்காலை வானத்தை அண்ணாந்து பார்க்கும்.

நம் கணிப்பில் புத்தகத்தின் இதயம் 9, 10 அத்தியாயங்களில் வரும் 'நிஜம்' என்ற நகரம். அழகான வீடுகளும் தெருக்களும் இருந்த ஊர் அது. வேகமாக நடந்தால், காலணியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நடந்தால், சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எல்லாரும் அப்படியே நடக்க ஆரம்பித்தார்கள். பார்க்க ஆளில்லாத ஊர் மெல்ல மங்கி, ஒருநாள் கண்ணுக்கே தெரியாமல் போனது. மக்களோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள், இல்லாத தெருவில் அவசரமாக நடந்தபடி. ஊர் போனதையே அவர்கள் கவனிக்கவில்லை.

கடைசியில் மைலோ வீட்டுக்கு வருகிறான். முதல் அத்தியாயத்தில் இருந்த அதே அறை, அதே சாமான்கள். ஜன்னலுக்கு வெளியே வானத்தையும் மரங்களையும் பார்க்கிறான், அறையில் தொடாமல் கிடந்தவற்றைப் பார்க்கிறான். அவனுக்கு இப்போது நேரம் போதவில்லை.

5. தினமும் எவ்வளவு படிக்கலாம்?

மொத்தம் 20 அத்தியாயம், படங்களோடு சுமார் 250 பக்கம். விளக்கம் சொல்லி வாசித்தால் ஓர் அத்தியாயத்துக்கு அரை மணி நேரம் ஆகும். இரவுக்கு ஒன்று என்றால் மூன்று வாரம். 9-ஐயும் 10-ஐயும் ஒரே நாளில் படியுங்கள், நகரத்தின் கதை துண்டாகாமல் இருக்கும். 17 முதல் 19 வரை நடுவில் நாள் விடாதீர்கள். துரத்தலின் சூடு ஆறிவிடும். கடைசி அத்தியாயம் சிறியது. அதைத் தூக்கக் கலக்கத்தில் படித்து முடிக்காமல் அடுத்த நாளுக்கு வையுங்கள்.

6. என் பொண்ணு நாலாவது சாப்டர்லயே நிறுத்திட்டா. என்ன பண்றது?

நிறைய பேர் நிற்கும் இடம் அதுதான். 3 முதல் 7 வரை அசாஸ் ராஜாவின் ஊர். ஐந்து மந்திரிகள் மாறி மாறி ஒரே பொருளுள்ள சொற்களை அடுக்குவார்கள், எழுத்துக்கூட்டும் தேனீ வந்து ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகச் சொல்லும், குட்டையான போலீஸ்காரர் வந்து மைலோவுக்கு அறுபது லட்சம் வருஷம் சிறை என்பார். கண்ணால் படித்தால் அயர்ச்சிதான். அந்த ஐந்து அத்தியாயத்தை மட்டும் நீங்கள் வாசியுங்கள். ஐந்து மந்திரிகளுக்கு ஐந்து குரல், தேனீக்கு மூக்கால் ஒரு குரல். அந்தப் பக்கங்கள் வாய்க்காக எழுதப்பட்டவை.

அதுவும் நடக்கவில்லை என்றால் 6-ம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு (இளவரசிகள் ஏன் நாடு கடத்தப்பட்டார்கள் என்பது அதில்தான்) 9-க்குப் போய்விடலாம். பாவமில்லை. கதை பிடித்துவிட்டால் குழந்தை தானே திரும்பிப் போகும்.

7. எல்லாம் இங்கிலீஷ் சிலேடைன்னா, தமிழ்ல எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

முதலில் செய்யக்கூடாதது: ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று போகாதீர்கள். சிரிப்பு இரண்டு மொழியிலும் செத்துவிடும். ஓர் அத்தியாயத்தை முன்னாலேயே படித்து, அதற்குத் தேவையான மூன்று நான்கு தொடர்களை மட்டும் குறித்து, வாசிக்கத் தொடங்கும் முன் "இங்கிலீஷ்ல இப்படிச் சொல்வாங்க" என்று சொல்லிவிடுங்கள். ஜோக்கைச் சொல்லிவிட்டு விளக்கினால் யாரும் சிரிப்பதில்லை.

சில இடங்கள் தமிழில் அப்படியே வரும். 'நேரம் பறக்குது' நமக்கும் பழக்கம். கடைசியில் டாக் நிஜமாகவே பறப்பதற்கு விளக்கமே வேண்டாம். விருந்துக் காட்சிக்கு 'மென்னு முழுங்குறான்' இருக்கிறது. சில இடங்களில் தமிழ் கூடவே கொடுக்கும். காவல் நாயும் கைக்கடிகாரமும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் மோதுவதால் பிறந்தவன் டாக். தமிழில் 'கடிநாய்' என்று வையுங்கள்: கடிக்கிற நாய், கடிகார நாய், போதாததற்குத் தொல்காப்பியம் 'கடி' என்ற உரிச்சொல்லுக்குக் காப்பு என்றும் ஒரு பொருள் தருகிறது. வீண் மிரட்டல் விடும் ஹம்பக் 'பூச்சி காட்டுற பூச்சி'. மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்போல வந்து புலன்களைப் பறிக்கும் அதிகாரியை 'புலனாய்வு அதிகாரி' எனலாம். அசாஸின் ஊர் சொல்லூர். எண்களின் ஊருக்கு எண்ணூர் என்று பெயர் வைத்தால் சென்னைப் பிள்ளைகள் சிரிப்பை அடக்க மாட்டார்கள்.

வராத இடங்களும் உண்டு. வானிலை சொல்பவர் ஆங்கிலத்தில் எழுத்து மாறி 'ஆகுமா ஆகாதா' என்பவராக ஆவது, சூனியக்காரி 'எது' என்பவளாக ஆவது, தண்டனைக்கும் வாக்கியத்துக்கும் ஒரே சொல் இருப்பது. இவற்றை விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்துத் தமிழாக்கினால் கதை நின்றுவிடும்.

8. கணக்குப் பகுதி கஷ்டமா இருக்குமா? என் பையனுக்குக் கணக்குன்னாலே பயம்.

பயப்படும் பையனுக்குத்தான் 14 முதல் 16 வரை உள்ள அத்தியாயங்கள். எண்ணூருக்குப் போகும் வழியில் ஒரு கைகாட்டி: 5 மைல், 1,600 ராட், 8,800 கஜம், 26,400 அடி, 3,16,800 அங்குலம், 6,33,600 அரை அங்குலம். மைல் கணக்கில் போனால் தூரம் குறைவு என்பான் ஹம்பக்; அரை அங்குலக் கணக்கில் போனால் சீக்கிரம் போகலாம் என்பான் மைலோ. ஆறும் ஒரே தூரம் என்பதைப் பையனே கண்டுபிடிக்கட்டும். அங்கே சுரங்கத்தில் வெட்டி எடுப்பது எண்களை. நடுவில் கிடைக்கும் வைரத்தையும் மரகதத்தையும் குப்பை என்று ஒதுக்குவார்கள். சாப்பாடு 'கழித்தல் குழம்பு', சாப்பிடச் சாப்பிடப் பசி கூடும்.

பெரியவர்களுக்கும் குழப்பம் தரும் ஓரிடம், பாதி உடம்போடு வரும் பையன். சராசரிக் குடும்பத்தில் 2.58 குழந்தைகள், அந்த 0.58 அவன்தான். சராசரிக் குடும்பத்துக்கு 1.3 கார் உண்டு, 0.3 காரை ஓட்டத் தெரிந்தவன் தான் ஒருவனே என்பதால் கார் எப்போதும் தன்னிடம்தான் என்பான். சராசரி என்பது கணக்கில் உண்மை, எந்த வீட்டிலும் அப்படி ஒரு குழந்தை இருக்காது. இதைப் பாடப்புத்தகம் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை.

9. புத்தகத்துல இருக்கிற நீளமான கணக்குக்கு விடை சைபர்னு போட்டிருக்கு. எங்களுக்கு வரலையே? அச்சுப்பிழையா?

இந்தக் கணக்குதானே: 4 + 9 − 2 × 16 + 1 ÷ 3 × 6 − 67 + 8 × 2 − 3 + 26 − 1 ÷ 34 + 3 ÷ 7 + 2 − 5. அச்சுப்பிழை இல்லை. பள்ளியில் சொல்லித்தரும் போட்மாஸ் விதிப்படி பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் செய்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் சுமார் −47.6 வரும். புத்தகம் இடமிருந்து வலமாக ஒவ்வொரு படியாகப் போகிறது: 13, 11, 176, 177, 59, 354, 287, 295, 590, 587, 613, 612, 18, 21, 3, 5, கடைசியில் 0.

பிள்ளையிடம் புத்தகம் தப்பு என்றோ நீ தப்பு என்றோ சொல்லாமல், இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். அடைப்புக்குறி எதற்கு இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

10. எந்தப் பதிப்பு வாங்கணும்? பழைய புத்தகக் கடையில கிடைச்சா பரவாயில்லையா?

தாராளமாக. இரண்டை மட்டும் சரிபாருங்கள்: ஃபைஃபரின் கோட்டோவியங்கள் இருக்க வேண்டும், அட்டையின் உட்புறத்தில் அல்லது முதல் பக்கங்களில் வரைபடம் இருக்க வேண்டும். பழைய பிரதியில் வரைபடத் தாள் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை ஒவ்வொரு ஊரையும் விரலால் தொட்டுப் பார்ப்பது அந்தத் தாளில்தான். மின்புத்தகத்தின் சின்னத் திரையில் வரைபட எழுத்துகளைப் படிப்பது சிரமம்.

2011-ல், ஐம்பதாம் ஆண்டையொட்டி, லெனார்ட் மார்கஸின் குறிப்புரையோடு பெரிய அளவுப் பதிப்பு ஒன்று வந்தது. அது ஆசிரியர்களுக்கும் பெரியவர்களுக்கும். குழந்தைக்கு முதல் வாசிப்பில் அதைக் கொடுத்தால் ஓரக் குறிப்புகள் கதையைத் தின்றுவிடும்.

11. எழுதினவர் டீச்சரா? இவ்ளோ பாடம் வெச்சிருக்காரே? படமா வந்திருக்காமே, அதைப் பார்த்தா போதுமா?

ஜஸ்டர் கட்டடக் கலைஞர். 1929-ல் புரூக்ளினில் பிறந்தார்; பின்னாளில் மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் கட்டட வடிவமைப்பு கற்பித்தார்; 2021-ல் இறந்தார். நகரங்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் எழுத ஃபோர்டு அறக்கட்டளை அவருக்கு 5,000 டாலர் கொடுத்தது. அந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, சும்மா இருக்கும் நேரத்தில் எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கதை. ஃபைஃபர் அதே கட்டடத்தில் குடியிருந்த கார்ட்டூனிஸ்ட், குப்பை போடப் போன இடத்தில் அறிமுகமானவர். நகரப் புத்தகம் வரவே இல்லை. என்றாலும் 4-ம் பதிலில் சொன்ன நகரத்தைப் பார்த்தால், வாங்கிய காசுக்குப் பத்துப் பக்கமாவது எழுதிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

1970-ல் எம்ஜிஎம் வெளியிட்ட படம் இருக்கிறது, சக் ஜோன்ஸ் இயக்கத்தில். மைலோ டோல்கேட்டைக் கடக்கும்வரை நிஜ ஆட்கள், கடந்தபின் கார்ட்டூன். ஜஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. சுமாரான படம்தான். சொல்லால் கட்டிய ஊரைக் கண்ணால் காட்டும்போது பாதி கரைந்துவிடுகிறது.

12. கடைசியில டோல்கேட் காணாமப் போயிடுது. அப்போ எல்லாம் கனவா?

கனவு என்பதற்குப் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. திரும்பிவந்த மைலோ பல வாரம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறான்; ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. மறுநாள் பள்ளி முடிந்து ஓடிவந்தால் டோல்கேட் இல்லை, கடிதம் மட்டும் இருக்கிறது. வழி தெரிந்துவிட்ட உனக்கு இனி இது வேண்டாம், காத்திருக்கும் வேறு பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது என்பது அதன் சாரம். அனுப்பியது யார் என்று கடைசிவரை சொல்லப்படவில்லை. குழந்தை கேட்டால் நீங்களும் சொல்லாதீர்கள்.

இதே மாதிரி காக்க வேண்டிய இன்னொரு ரகசியம் இருக்கிறது. மைலோ கிளம்பும்போதே, இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு விஷயத்தை அவன் திரும்பி வந்தபின்தான் சொல்ல முடியும் என்று இரண்டு அரசர்களும் சொல்லிவிடுவார்கள். 19-ம் அத்தியாயம்வரை அதை யாரும் குழந்தையிடம் உடைக்கக் கூடாது. பின்னட்டை வாசகங்களைக்கூட முன்னால் படித்துப் பார்த்துவிடுங்கள்.

13. கொஞ்சம் நீதிபோதனை ஜாஸ்தியோ?

ஆமாம், 18-ம் அத்தியாயத்தில். ஆகாயக் கோட்டையில் இளவரசிகள் இருவரும் மைலோவுக்குத் தவறுகளைப் பற்றியும் கற்பதைப் பற்றியும் நேரடியாகவே பாடம் எடுக்கிறார்கள். புத்தகம் சற்றுச் சோர்வது அங்கேதான். பெண் பாத்திரங்கள் குறைவு, இருப்பவர்களும் பெரும்பாலும் அடைபட்டே இருக்கிறார்கள் என்ற குறையும் நியாயமானது.

மற்ற இடங்களில் பாடம் வேடிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. முகமே இல்லாத, நன்றாக உடுத்திய ஒரு கனவான் வருவார். மைலோவிடம் இடுக்கி கொடுத்து மணல்மேட்டை ஒவ்வொரு மணியாக இடம் மாற்றச் சொல்வார். டாக் சொட்டுக்குழாயால் கிணற்றை இறைக்க வேண்டும், ஹம்பக் ஊசியால் மலையைக் குடைய வேண்டும். மும்முரமாகச் செய்துகொண்டே இருப்பார்கள். மந்திரக்கோல் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தபிறகுதான் முடிக்க 837 வருஷம் ஆகும் என்று தெரியும். உபயோகமில்லாத வேலையின் பேய் அவர். கையில் போனோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

14. படிச்சு முடிச்சாச்சு. அடுத்து ஏதாவது செய்யலாமா?

கேள்வித்தாள் மட்டும் வேண்டாம். தெருவை வைத்து ஒன்று செய்யலாம். பள்ளிக்குப் போகும் தெருவை நினைவிலிருந்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள்: வீடு, கடை, மரம், மின்கம்பம், எல்லாம். மறுநாள் அதே தெருவில் பத்து நிமிடம் மெதுவாக நடந்து, விட்டுப்போனவற்றை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். நீங்களும் தனியாக ஒன்று வரையுங்கள். பெரும்பாலும் உங்கள் தாளில்தான் இரண்டாம் நிறம் அதிகமாக இருக்கும்.

சத்தத்துக்கு இன்னொன்று. 12-ம் அத்தியாயத்தில் சத்தங்களையெல்லாம் பூட்டிவைத்திருக்கும் ஒரு பெண்மணி வருவார். யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்ற கோபம் அவருக்கு. அவருடைய கோட்டையை உடைக்க மைலோ ஒரு சத்தத்தைத் திருட வேண்டும். 'ஆனா' என்று மறுத்துப் பேச வாயெடுத்தவன் சட்டென்று வாயை மூடி, அந்தச் சொல்லை உள்ளேயே வைத்துக் கடத்திவருகிறான். அதைப் பீரங்கியில் போட்டுச் சுடுகிறார்கள். அன்றிரவு விளக்கை அணைத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை சத்தம் கேட்கிறது என்று எண்ணுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

15. மூணு பேய்ல மூணாவது எப்படி இருக்கும்னு என் பையன் வரையச் சொல்றான். எப்படி வரையறது?

சமரசப் பேய்கள் மூன்று. ஒன்று நெட்டை, ஒல்லி. ஒன்று குட்டை, குண்டு. மூன்றாவது அச்சு அசலாக முந்தைய இரண்டைப் போலவே இருக்கும். வரைய முடியாது, ஃபைஃபரை மாட்டிவிடவே ஜஸ்டர் அப்படி எழுதினார். ஃபைஃபரும் சும்மா இல்லை. குதிரை வரைய அவருக்குப் பிடிக்காது என்பதால், படைவீரர்களைப் பூனைமேல் ஏற்றி வரையட்டுமா என்று கேட்டிருக்கிறார். குதிரைதான் வேண்டும் என்று ஜஸ்டர் விடவில்லை.

பையனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.